இரண்டாம் புள்ளி

சிராக்கூஸ் துறைமுகத்தில் வெண்கலக் காசை வாங்குகிறவன் கனத்தைப் பார்ப்பான், கொடுக்கிறவன் வாங்குகிறவனின் முகத்தைப் பார்ப்பான். காசில் என்ன வெட்டியிருக்கிறது என்று பார்க்க எவனுக்கும் நேரமில்லை. ஸோட்டிகோஸ் ஒருவன்தான் பார்ப்பான். அவன் பார்ப்பதும் ஒரே ஒரு புள்ளியை.

அவன் வேலை முத்திரை குத்துவது. குளிர்காலம் போய்க் கடல் அடங்கியதும் நகரத்திலிருந்து முதல் கப்பல் வரும். நகரம் என்றால் கான்ஸ்டாண்டிநோபிள்தான், மற்றவையெல்லாம் ஊர்கள். கப்பலிலிருந்து மூட்டை மூட்டையாகக் காசு இறங்கும். ஒரு பக்கம் மன்னரும் மகனும் நிற்பார்கள். மறுபக்கம் நாற்பது என்பதற்கான பெரிய எழுத்து, அதன் பக்கத்தில் ஆட்சியாண்டு, அந்தப் பெரிய எழுத்தின் கால்களுக்கு நடுவில் எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்லும் ஒரு சின்ன எழுத்து. இந்தக் காசு சிசிலியில் செல்ல வேண்டுமானால் சிசிலியின் முத்திரை அதன்மேல் விழ வேண்டும். விழ வைப்பவன் ஸோட்டிகோஸ். பதினாறு வசந்தங்களாக இதே வேலை. அந்தப் பதினாறு ஆண்டில் காசில் மன்னரின் தாடி வளர்ந்துகொண்டே போனது, காசு மெலிந்துகொண்டே வந்தது. ஒன்றின் சத்தை மற்றது உறிஞ்சுகிறதோ என்னவோ.

மூட்டையைப் பிரித்ததும் மூன்றாம் பட்டறைக் காசுகளைத் தனியே ஒதுக்குவான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்ப்பான். பட்டறை எழுத்துக்கு வலப்பக்கம், எள்ளின் பாதி அளவுக்கு, ஒரு புள்ளி இருக்கும்.

ஒன்று. எப்போதும் ஒன்று.

புள்ளியின் கதை ஒரு கழுதைக் காதில் தொடங்குகிறது. ஸோட்டிகோஸ் நகரத்து நாணயச்சாலையில் சம்மட்டிக்காரனாக இருந்தான். அவன் அண்ணன் மக்காரியோஸ் அதே மூன்றாம் பட்டறையில் அச்சு வெட்டுபவன். பட்டறைத் தலைவன் அந்திமோஸ் ஒரு திருவிழாவன்று எல்லோருக்கும் கொடுக்க வேண்டிய ஒயினில் பாதியைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அண்ணன் அன்று மாலையே உளியை எடுத்தான். தேய்ந்த அச்சு ஒன்றைத் திருப்பி, அதன் அடியில் அந்திமோஸின் முகத்தை வெட்டினான். மூக்கு, தொங்கு கன்னம், எல்லாம் அச்சு அசல். காது மட்டும் கழுதையுடையது. தம்பி அதை ஈயத்தில் ஆறு தடவை அடித்தான். ஆறு வில்லைகளும் ஆறு ஒயின்கடைகளைச் சுற்றின. ஏழாவது நாள் ஒன்று அந்திமோஸின் கையிலேயே போய் உட்கார்ந்தது.

அனுமதியில்லாமல் அச்சு வெட்டியவனுக்குக் கை போகும். மக்காரியோஸுக்குக் கைதான் பிழைப்பு. ஸோட்டிகோஸ் முன்னால் வந்து, "நான்தான் வெட்டினேன்" என்றான். சம்மட்டி பிடிக்கிற கை இப்படி வெட்டாது என்று அந்திமோஸுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விசாரணை என்று போனால் அந்த ஈய வில்லையை மேலிடத்தில் காட்ட வேண்டும். காட்டினால் மேலிடம் முதலில் வில்லையைப் பார்க்கும், பிறகு அவன் காதைப் பார்க்கும். ஆகவே ஸோட்டிகோஸைச் சத்தமில்லாமல் சிசிலிக்கு அனுப்பினான். "நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை இந்த ஊரில் உன் நிழல் விழுந்தால், கை இல்லை, தலை" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

கப்பல் துறையில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள்.

"டேய், எனக்குக் கடுதாசி எழுத வராதுன்னு உனக்கே தெரியும்" என்றான் மக்காரியோஸ்.

"நாள் பூரா எழுத்து வெட்டுறவன் பேசுற பேச்சா இது?"

"வெட்டுறது வேற. முன்னாடி ஒரு அச்சு இருந்தா அதைப் பார்த்து வெட்டுவேன். என்ன எழுதியிருக்குன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். இங்க பாரு, பட்டறை எழுத்துக்குப் பக்கத்துல புள்ளி ஒண்ணு வைக்கிறேன். புள்ளி இருந்தா நான் உசுரோட இருக்கேன், நீ அங்கயே கிட. ரெண்டு புள்ளி இருந்தா அந்தக் கழுதை ஒழிஞ்சுதுன்னு அர்த்தம், அடுத்த கப்பல்லயே ஓடி வந்துடு."

"ஒண்ணுமே இல்லைனா?"

"ஒரு மெழுகுவத்தி வாங்கிக் கொளுத்து. மட்டமானதா வாங்கிடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்."

அன்று சிரித்ததுதான். பதினாறு ஆண்டாக ஸோட்டிகோஸ் சிராக்கூஸில் குடியிருக்கவில்லை, இறங்கியிருந்தான். அறையில் ஒரு பெட்டி. துணியெல்லாம் அதற்குள் மடித்தபடியே. ஒரு பானை, ஒரு கிண்ணம். வீட்டுக்காரன் வாசலில் அத்திக்கன்று ஒன்றை நட்டு, அதில் பங்கு வேண்டுமா என்று கேட்டபோது, "காய்க்கிறப்போ நான் எங்க இருக்கப்போறேன்" என்றான். அந்த மரம் காய்த்து, வயதாகி, வெட்டப்பட்டு, அடுப்பிலும் எரிந்துவிட்டது.

மீன் விற்கும் நொன்னாவிடமும் இதே பதில்தான் சொல்லியிருந்தான். அவன் வந்த ஐந்தாம் ஆண்டு அது. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷமாகியிருந்தது. மத்தி மீனை வாழ்நாளில் ஒரு நாளும் குறைத்துப் போடாதவள், அன்று இரண்டை அதிகம் போட்டுவிட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"தெனமும் ஒருத்தருக்கு மட்டும் மீன் வாங்குறீங்க. நானும் ஒருத்திக்கு மட்டும் சமைக்கிறேன். வெறகு என்ன வெல விக்குதுன்னு தெரியும்ல? ரெண்டு அடுப்பு எதுக்கு?"

இதைவிட நல்ல பேரம் ஒரு மனிதனுக்கு அமையாது. ஸோட்டிகோஸ் புள்ளிக் கதையைச் சொன்னான். இன்று இல்லையென்றால் அடுத்த வசந்தம் அண்ணன் கூப்பிடுவான். பாதியில் விட்டுப்போகிறவன் ஒரு பெண்ணின் அடுப்பில் பங்கு கேட்பது நியாயமா என்றான். நொன்னா கேட்டுக்கொண்டாள். அதிகம் போட்ட இரண்டு மீனையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். நான்கு ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, வலை பின்னும் ஃபெலிக்ஸைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வசந்தமும் கேட்பாள்:

"என்ன நகரத்துக்காரரே, ஒத்தையா ரெட்டையா?"

"ஒத்தைதான்."

"உங்க அண்ணனுக்கு ரெண்டாவது புள்ளி வைக்கக் கை வலிக்குதாக்கும்."

இடையில் ஒரு வசந்தத்தில், பதினொன்றாம் ஆண்டு, மூட்டையின் மேலாக இருந்த மூன்றாம் பட்டறைக் காசு மூன்றில் புள்ளியே இல்லை. ஸோட்டிகோஸ் சம்மட்டியைக் கீழே வைத்தான். நேராகக் கடைக்குப் போனான். அண்ணன் சொன்னபடி மட்டமில்லாத, நல்ல தேன்மெழுகு வத்தியாக, பேரம்கூடப் பேசாமல் வாங்கினான். கோயிலில் ஏற்றிவைத்து அழுதான். மாலையில் மீதி மூட்டையைக் கொட்டினால், அடியில் கிடந்த அந்தப் பட்டறைக் காசு அத்தனையிலும் புள்ளி! திரும்ப ஓடிப்போய் வத்தியை ஊதி அணைத்தான். கோயில்காரன் கத்தினான், "யோவ், செத்தவங்க வெளக்கை ஊதுற!"

"செத்தவர் பொழைச்சுட்டாரு சாமி" என்று பாதி வத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பாதி பெட்டியின் அடியில் இன்னும் கிடந்தது.

இந்த வசந்தத்துக் கப்பலில் காசு மூட்டையோடு ஒரு ஆளும் இறங்கினான். கோனோன் என்று பெயர். முப்பது வயதுச் சம்மட்டிக்காரன். சிராக்கூஸ் பட்டறைக்குப் புதிதாக வந்த கை. கடல் பயணத்தில் பச்சையாகிப் போன முகம்.

"எந்தப் பட்டறை தம்பி?" என்றான் ஸோட்டிகோஸ்.

"மூணாவது, அண்ணாச்சி."

பதினாறு ஆண்டில் நாணயச்சாலை ஆள் ஒருவன் வந்து இறங்குவது இதுதான் முதல் முறை. ஆனால் வேண்டிய பொருளின் விலையை முதலில் கேட்கிறவன் சந்தையில் உருப்பட மாட்டான். கோனோனை ஒயின்கடைக்கு அழைத்துப்போனான். கொண்டைக்கடலையும் ஊறவைத்த ஆலிவும் வாங்கிக் கொடுத்தான். நகரத்துக் குளியலறைகளில் வெந்நீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டான். ரொட்டி என்ன விலை, குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பது பச்சைக் கட்சியா நீலக் கட்சியா என்றெல்லாம் கேட்டான். இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகு, கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "அந்திமோஸ் எப்படி இருக்கான்?" என்றான்.

"எந்த அந்திமோஸ்?"

"பட்டறைத் தலைவன்."

"எங்க தலைவர் பேரு சிசின்னியோஸ்ல? அவருக்கு முன்னாடி வேற ஒருத்தர்." கோனோன் யோசித்தான். "ஓ, அவரா! ஈயத்துல கழுதைக் காது போட்டு அடிச்சாங்களே, அவரா? அவரு போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு! அரசாங்கம் சும்மா குடுத்த ரொட்டியை நிறுத்துனாங்களே, அதுக்கு மறு வருஷம் காய்ச்சல்ல போனாராம். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே. அந்த ஈயக் காசு ஒண்ணு இன்னும் ஒயின்கடையில ஆணியில தொங்குது, அண்ணாச்சி. பார்த்தா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க."

ஸோட்டிகோஸ் சிரிக்கவில்லை. ரொட்டி நிறுத்திய வருஷம் அவன் இங்கு வந்த மூன்றாம் ஆண்டு. மறு வருஷமென்றால் நான்காம் ஆண்டு. பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலியில் அந்திமோஸ் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அண்ணன் இரண்டாவது புள்ளியை வைக்கவில்லை. அவனுக்குக் காது சிவந்தது. மறந்துவிட்டானா? தம்பி தொல்லை விட்டது என்று இருந்துவிட்டானா?

"இந்தக் காசுல ஒரு புள்ளி இருக்கே" என்று ஒன்றை மேசைமேல் போட்டான். "இது எதுக்காம்?"

"அதுவா? மூணாம் பட்டறைக் காசுன்னா புள்ளி இருக்கணும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பழைய அச்சுல இருக்கு, புது அச்சுலயும் வெட்டுவாங்க. எங்க வழக்கம் தெரியாதா உங்களுக்கு? தேஞ்ச அச்சை முன்னாடி வெச்சுக்கிட்டு அதே மாதிரி கோடு கோடா வெட்டணும். வருஷம் மட்டுந்தான் மாறும். படிச்சவனை அந்த வேலைக்குச் சேர்க்கவே மாட்டாங்க, அவன் திருத்திடுவான்னு." கோனோன் ஆலிவ் கொட்டையைத் துப்பினான். "ஒரு தடவை, இப்ப அச்சு வெட்டுற நம்மாளு லியோன்டியோஸ், சோம்பேறிப் பய, புள்ளியை விட்டுட்டான். பன்னெண்டு கசையடி. காசு மாத்துறவனுங்கள்லாம் புள்ளியைப் பார்த்துத்தான் வாங்குறானுங்க. புள்ளி இல்லைனா கள்ளக் காசுன்னு தூக்கி எறிஞ்சுடுவானுங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி அப்படிக் கள்ளக் காசு நெறைய கலந்து வந்துச்சு. இங்ககூட வந்திருக்கும்."

"வந்துச்சு" என்றான் ஸோட்டிகோஸ். "மூணு."

பிறகு கேட்டான். இனி சுற்றி வளைப்பதற்குக் கடலையும் இல்லை, ஆலிவும் இல்லை.

"லியோன்டியோஸுக்கு முன்னாடி யாரு வெட்டினது?"

"தொமெஸ்டிகோஸ்."

"அவனுக்கு முன்னாடி?"

"அவருக்கு முன்னாடி இருந்தவரை நான் பார்த்ததில்ல. ஆனா பேரு தெரியும். ரொட்டி நிறுத்துன குளிர்காலத்துல பட்டறையில பாதிப் பேரு பசியில போயிட்டாங்கல்ல? வருஷா வருஷம் ஒரு நாள், அப்போ செத்தவங்க பேரைக் கோயில்ல வாசிப்பாங்க. மூணாம் பட்டறைப் பட்டியல் மக்காரியோஸ்லதான் ஆரம்பிக்கும். அச்சு வெட்டுறவர் மக்காரியோஸ். ஏன் அண்ணாச்சி, தெரிஞ்சவரா?"

ஸோட்டிகோஸ் மேசைமேல் கிடந்த காசைப் பார்த்தான். இந்த ஆண்டுக் காசு. ஓரத்தில் இந்த ஆண்டின் எண். பக்கத்தில் அண்ணனின் புள்ளி. அதை வெட்டியவன் அண்ணன் முகத்தையே பார்க்காத எவனோ லியோன்டியோஸ். கசையடிக்குப் பயந்து வெட்டியது.

அச்சைப் பார்த்து அச்சு வெட்டுவார்கள், புரியாததையும் சேர்த்து வெட்டுவார்கள் என்பது ஸோட்டிகோஸுக்குத் தெரியாததா? சிராக்கூஸ் முழுக்கத் தேடினாலும் அதை அவனளவுக்கு அறிந்தவன் கிடையாது. முந்தைய மன்னர் காசில் ஒரு எழுத்துப் பிசகு, வெட்டியவன் கை வழுக்கியது, அது ஆறு ஆண்டு அப்படியே ஓடியதை அவனே தன் சம்மட்டியால் அடித்திருக்கிறான். அண்ணனும் தானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். காசு விஷயத்தில் யாராலும் அவனை ஏமாற்ற முடியாது. ஆகவே அவனே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டான்.

"தெரிஞ்சவர்தான்" என்றான். "ஒரே தெரு."

கோனோனுக்கு இன்னொரு கிண்ணம் சொல்லிவிட்டு எழுந்தான்.

அறைக்குப் போய்ப் பெட்டியைக் கிளறி அந்தப் பாதி வத்தியை எடுத்தான். பாதிவரை எரிந்தது; ஐந்தாண்டு தூசி. கோயிலில் நட்டநடுப் பகலில் ஏற்றினான். கோயில்காரனுக்கு அவனை நினைவிருந்தது. "இந்தத் தடவை நிச்சயமா?" என்றான்.

"நிச்சயம் சாமி."

"ஊதிட மாட்டியே?"

ஸோட்டிகோஸ் அது கடைசிச் சொட்டு வரை உருகித் திரி சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். உண்மையில் செத்த நாளுக்கு ஏற்றாத வத்தி, பதின்மூன்று வருஷம் தாமதமாக எரிந்தது. அண்ணன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். கழுதைக் காது போட்ட அந்திமோஸின் முகம்தான் தெளிவாக வந்தது. அதைத்தான் ஆறு தடவை அடித்திருக்கிறான். அண்ணனை எவன் காசில் அடித்தான்?

பிறகு பட்டறைக்குப் போனான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றாம் பட்டறைக் காசு ஒன்றைப் பட்டடைக்கல்லில் வைத்தான். சிசிலி முத்திரையை எப்போதும் போலப் புள்ளியைத் தொடாமல் குத்தினான். பதினாறு ஆண்டாக ஒரு தடவையும் அவன் முத்திரை அந்தப் புள்ளிமேல் விழுந்ததில்லை. மேற்பார்வையாளர் அதற்காகவே அவனை 'ஒழுங்கான கை' என்று புகழ்வார். அதற்குப் பிறகு சிறிய உளி ஒன்றை எடுத்து, முதல் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து, சம்மட்டியால் தட்டினான். லேசாகத்தான். ஒரே தட்டு.

இரண்டு புள்ளி. ஒரு நொடி வேலை.

அந்தக் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சின்னத் துறைக்கு இறங்கினான். நொன்னா மத்திகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஃபெலிக்ஸ், கால் விரலில் நூலை மாட்டி வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"கப்பல் வந்துடுச்சு போல. என்ன நகரத்துக்காரரே, ஒத்தையா ரெட்டையா?"

ஸோட்டிகோஸ் காசைப் பலகைமேல் வைத்தான்.

நொன்னா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தாள். சாய்த்தாள். அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு ஏனோ வாடியது, பிறகு மீன்காரியின் முகமானது. நாற்பது வருஷம் செவுளைத் தூக்கிப் பார்த்தே பழகிய கண் அது.

"இது இன்னைக்குக் குத்தினது" என்றாள் மெதுவாக. "பழைய புள்ளி கறுத்திருக்கு. இது பளபளன்னு இருக்கு. யாரு குத்தினது?"

அவன் உளி பிடித்த விரல்களை மடக்கிக்கொண்டான்.

"அண்ணன்?"

"இல்ல. போயிட்டான்."

நொன்னா சிலுவைக் குறி போட்டாள். "எப்போ?"

"ரொட்டி நிறுத்தின வருஷம்."

அவள் உதடுகள் லேசாக அசைந்தன. சில்லறை எண்ணுகிறபோது அசைவதுபோலத்தான். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஃபெலிக்ஸ் தலை குனிந்து முடிச்சில் இருந்தான்.

"அப்போ" என்றாள், குரலைத் தாழ்த்தி, "நான் உங்ககிட்ட வெறகு வெல கேட்டேனே... அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே."

"ஆமா."

அலை ஒன்று வந்து பலகையின் காலை நனைத்துவிட்டுப் போனது. வரிசையில் அடுத்து நின்ற கிழவன் கூடையை மாற்றிப் பிடித்து இருமினான்.

"எத்தனை வேணும்?" என்றாள் நொன்னா.

"எப்பவும் போலத்தான்."

எண்ணிப் போட்டாள். ஒன்றுகூட அதிகமில்லை, குறைவுமில்லை. இரண்டு புள்ளிக் காசை ஒரு கணம் விரலிடுக்கில் வைத்திருந்தாள். பிறகு மற்ற காசுகள் கிடந்த மண்சாடிக்குள் போட்டாள்.

"என்ன காசு அது, அவ்வளவு நேரம் பார்த்தே?" என்றான் ஃபெலிக்ஸ், வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "கள்ளக் காசா?"

"இல்ல" என்றாள் நொன்னா. "நல்ல காசுதான். கொஞ்சம் பிந்தி வந்துச்சு."

ஸோட்டிகோஸ் மீனை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். பட்டறையில் இன்னும் பதினான்கு மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. மாலைக்குள் ஒரு மூட்டையாவது முடிக்க வேண்டும். அதில் மூன்றாம் பட்டறைக் காசும் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருக்கும். போகிற வழியில் பானைக் கடைக்காரன், "உங்க பானை விரிசல் விட்டிருக்குன்னு சொன்னீங்களே, பெரிசா ஒண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டான்.

"சின்னதே போதும்" என்றான். ஆனால் இந்த முறை, நீடித்து உழைக்குமா என்று தட்டிப் பார்த்து வாங்கினான்.